புஸ்பராணி கூகிளில் முன்னுக்கு வந்த கதை

புஸ்பராணி வெறும் பாத்திரத்தை யாருக்கும் திருப்பிக் கொடுத்தது கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் கறி வந்தால், அந்தக் கிண்ணம் கழுவித் துடைக்கப்பட்டு, உள்ளே ஏதாவது ஒன்றுடன்தான் வீடு திரும்பும். முறுக்கு, ஒரு பிடி சீனி, இரண்டு தேசிக்காய். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு நெட்டுக் கறிவேப்பிலை. டெங்குக் காலத்தில் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி பார்க்க வந்த சுகாதார உத்தியோகத்தர் ஒருமுறை வெறும் போத்தல் ஒன்றை மறந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த தடவை அவர் வந்தபோது அதற்குள் மோர்மிளகாய் நிரப்பி நீட்டினாள். அந்த மனிதர் அதைப் பரிசோதனைக்குத் தந்த மாதிரி என்று நினைத்து, மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

லோஜினி சிறுவயதிலிருந்தே இதைப் பார்த்து வந்தவள். புஸ்பராணி அவளுடைய அம்மாவின் தங்கை. பிள்ளைகள் இல்லாதவள். அதனால் லோஜினியின் பள்ளிக்கூடப் பை, பரீட்சை, காய்ச்சல், கடைசியில் பட்டமளிப்பு விழாச் சேலை எல்லாவற்றிலும் சின்னம்மாவுக்குப் பாதிப் பங்கு இருந்தது. குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் லோஜினிதான். பட்டம் வந்தது, அரசாங்க நியமனம் வரவில்லை. அந்த இடைவெளியில் இணையத்தளங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவரும் வேலையை ஒரு பயிற்சி நெறியில் கற்றுக்கொண்டு, வீட்டிலிருந்தபடி அங்குமிங்கும் சில்லறை வேலைகள் செய்தாள். சந்தியில் யாராவது, "பிள்ளை இப்ப என்ன செய்யிது?" என்று கேட்டால் அவளுக்குப் பதில் நீண்டுவிடும். நீண்ட பதில் சொல்லுகிறவளிடம் வேலை இல்லை என்று கேட்பவர்கள் முடிவு செய்துவிடுவார்கள். அது சரிதானோ என்று அவளுக்கும் சில நாட்களில் தோன்றும்.

புஸ்பராணி பிறந்தது தோப்பூருக்கு அப்பால் வயலோரத்தில். சண்டைக் காலத்தில் பாடசாலை மண்டபம், முகாம், உறவினர் வீடு என்று மாறி மாறிக் கிடந்துவிட்டு, கடைசியில் திருகோணமலைப் பட்டணத்தை அடுத்த அன்புவழிபுரத்துக்கு வந்து சேர்ந்தாள். வாகனம் திருத்தும் சின்னராசாவைக் கட்டினாள். பிறகு நெடுங்காலம் சீனன்குடாவில் ஒரு கம்பனியின் உணவுச்சாலையில் சமையல். பெரிய பெரிய கிடாரங்கள், தோணித் துடுப்பு மாதிரி அகப்பைகள். அங்கே சோறு ஒரு சன்னலால் வெளியே போகும், எச்சில் தட்டு இன்னொரு சன்னலால் உள்ளே வரும். இரண்டுக்கும் நடுவில் சுவர்.

"நல்லாயிருக்கெண்டு சொல்லவும் ஆளில்ல, உப்புக் கூடிப்போச்செண்டு ஏசவும் ஆளில்ல" என்று ஒருநாள் வந்து கதிரையில் தொப்பென்று இருந்தாள். "நான் சுவருக்குச் சமைக்கிறன், லோஜி. சுவர் தின்னுது. இனி எனக்கு ஏலாது."

அடுத்த மாதம் வேலையை விட்டாள். வீட்டின் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, புதிய மெத்தை போட்டு, சுற்றுலாப் பயணிகள் தங்கும் இடமாக்கினாள். பெயர் புஸ்பா இல்லம்.

சின்னராசா வாசலில் நின்று இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தார்.

"இஞ்சேர், இது அன்புவழிபுரம். கடலும் இல்ல, மலையும் இல்ல. வெள்ளைக்காரன் இஞ்ச என்னத்துக்கு வாறான்? என்ர முகத்தைப் பாக்கவோ?"

"உங்கட முகத்துக்கெண்டால் ஒருத்தரும் வரமாட்டினம். என்ர கறிக்கு வருவினம்."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். திருகோணமலையில் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்கள்தான் பயணிகளின் காலம். ஆவணி முடியும்வரை பார்ப்பது. அதற்குள் ஆட்கள் வராவிட்டால், இரண்டு அறைகளும் சின்னராசாவின் கூட்டாளியுடைய உரமூட்டைகளுக்குப் போகும். புஸ்பராணி மறுபடி சீனன்குடாவுக்கு, அந்தச் சுவருக்குப் போக வேண்டும்.

லோஜினி இணையப் பக்கத்தைச் செய்து முடித்தாள். படங்கள் பாரமில்லாமல் உடனே திறந்தன, வரைபடத்தில் வீடு சரியான ஒழுங்கையில் விழுந்தது, தலைப்பு நேர்த்தியாக இருந்தது. பிறகு, திருகோணமலையில் தங்குமிடம் என்று ஆங்கிலத்தில் தேடினாள். புஸ்பா இல்லம் எட்டாம் பக்கத்தில் கிடந்தது.

"எட்டாம் பக்கமெண்டால் கூடாதோ?" என்று புஸ்பராணி கேட்டாள்.

"ரெண்டாம் பக்கத்துக்கே ஒருத்தரும் போறேல்ல, சின்னம்மா."

"அப்ப எட்டாம் பக்கத்தில ஆர் இருக்கினம்?"

"நீங்களும், எப்பவோ இழுத்து மூடின ஒரு லொட்ஜும்."

"முதலாம் பக்கத்தில?"

லோஜினி திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். புஸ்பராணி பிடித்து இழுத்தாள். முதலாம் பக்கத்தில், மேலிருந்து மூன்றாவதாக, ரிப்காவின் விடுதி.

ரிப்காவும் புஸ்பராணியும் சீனன்குடா உணவுச்சாலையில் ஒரே அடுப்படியில் நின்றவர்கள். ரிப்கா முதலில் வேலையை விட்டுவிட்டு, அலஸ்தோட்டத்தில் கடற்கரையோரம் தன் கணவருடைய காணியில் விடுதி திறந்தாள். வந்த வெள்ளைக்காரர்கள் நண்டு நண்டு என்று கேட்டார்கள். ரிப்கா வீட்டில் நண்டு சாப்பிடுவதில்லை, அவள் சட்டியில் நண்டு ஏறுவதுமில்லை. ஆகவே புஸ்பராணி அன்புவழிபுரத்தில் சமைத்து, சட்டியோடு முச்சக்கர வண்டியில் அனுப்புவாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் ரிப்கா அந்த நண்டுக்கறியைப் படம் பிடித்துத் தன் விடுதியின் பக்கத்தில் முகப்பிலேயே போட்டாள். யார் சமைத்தது என்று போடவில்லை. அன்றைக்குத் தொலைபேசியில் ஏறிய சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்டது. இரண்டு வருடமாகக் கதை பேச்சு இல்லை.

"நண்டு என்ர. சட்டி என்ர. சட்டியில இருக்கிற கீறலும் என்ர" என்று புஸ்பராணி திரையில் விரலால் குத்தினாள். "பேர் மட்டும் அவளின்ர! பிள்ளை, ரிப்காக்குக் கிட்டவாவது என்னைக் கொண்டுபோய் விடு."

லோஜினி விளக்கினாள். பக்கம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர்களின் பக்கங்கள் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், அங்கிருந்து உங்கள் பக்கத்துக்கு ஓர் இணைப்பு வர வேண்டும். யார் யார் உங்களைச் சொல்லுகிறார்கள் என்று தேடுபொறி பார்க்கும். சொல்லுகிறவர்கள் கூடினால் நீங்கள் மேலே ஏறுவீர்கள்.

புஸ்பராணி நிமிர்ந்து இருந்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. லோஜினிக்கு அந்த வெளிச்சத்தைக் கண்டால் பயம்.

"அட, இது கலியாணத்துக்குச் சொல்லுறதெல்லோ! வீடு வீடாப் போய், தட்டு வைச்சு, வாங்கோ எண்டு சொன்னால் வருவினம். பிறகு அவையின்ர கலியாணத்துக்கு நாங்கள் போவம். இவ்வளவுதானே? இதைப் படிக்கிறதுக்கே நீ பயிற்சி நெறிக்குப் போனனி?"

லோஜினி வாயைத் திறந்தாள். சின்னம்மா சொன்னதில் எங்கோ ஒரு பிழை இருந்தது. எங்கே என்று உடனே சொல்ல வரவில்லை. பட்டம் பெற்ற பிறகு அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த விடயங்கள் கூடவில்லை, குறைந்துகொண்டுதான் போயின. அவள் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே சின்னம்மா குசினிக்குள் பலகாரச் சட்டியை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

மறுநாள் பட்டுச் சேலை, தட்டு, வெற்றிலை, பலகாரம். லோஜினி ஸ்கூட்டியை ஓட்டினாள். பின்னால் புஸ்பராணி தட்டை மடியில் வைத்து, பாக்குப் பறக்காமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு வந்தாள். பட்டணத்தில் இணையப் பக்கம் வைத்திருந்த ஒருவரையும் விடவில்லை, ரிப்காவைத் தவிர. முதலில் ஹஸ்மியின் இரும்புக்கடை.

"புஸ்பா அக்கா! என்ன இது, யாருக்குக் கலியாணம்?" என்று ஹஸ்மி எழுந்து நின்றான்.

"கலியாணமில்ல தம்பி. கூகிளுக்குச் சொல்ல வந்தனான்."

"கூகிளுக்கா? மாப்பிள்ள நல்ல வசதியான இடந்தான்."

விடயத்தைக் கேட்டதும் அவன் மேசையில் தட்டிச் சிரித்தான். "அக்கா, நான் சீமெந்து விக்கிறவன். என்ட பக்கத்துல ஒங்கட ஊட்டப் போட்டு, இந்த ஊடு என்ட சீமெந்துல கட்டினதுன்டு ஒரு வரி போடட்டா?"

"போடுங்கோ. பொய்யோ?"

"அப்ப ஒங்கட பக்கத்துல என்ட சீமெந்தையும் போடணும்."

"போடாமல் விடுவனோ தம்பி!"

அடுத்து வினோதனின் கல்வி நிலையம். பரீட்சையில் சித்தியடைந்த மாணவர்களின் படங்களுக்குக் கீழே அவன் புஸ்பா இல்லத்தையும் போட்டான். அந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் சித்தி என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். அதன் பிறகு கூட்டுறவுச் சங்கம், டயர்க்கடை, மணமகள் அலங்காரம், கண்ணாடிக்கடை. கடைசியாக மரண அறிவித்தல்கள் போடும் ஓர் இணையத்தளம். அதை நடத்துபவர் லோஜினியின் அப்பாவுடன் படித்தவர், மறுக்கத் தெரியாத மனிதர். அமரர்களின் படங்களுக்கு நடுவில் புஸ்பராணியின் சிரித்த முகத்தையும் போட்டு, கீழே பெரிய எழுத்தில் 'புஸ்பா இல்லம்' என்று எழுதிவிட்டார்.

அன்று பின்னேரம் கனடாவிலிருந்து அழைப்பு. சின்னராசா எடுத்தார். மறுமுனையில் புஸ்பராணியின் மச்சாள் குரல் விட்டு அழுதாள்.

"ஐயோ அண்ணா, இப்பிடிச் சொல்லாமல் கொள்ளாமல் போயிட்டாவே!"

சின்னராசா குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். "எங்க போனவ? இந்தா, தேங்காய் திருவிக்கொண்டு நிக்கிறா. கதைக்கப் போறியளோ?"

மச்சாள் தொலைபேசியைக் கீழே போட்டுவிட்டாள். அவள் மறுபடி எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆனால் பக்கம் ஏறியது! எட்டிலிருந்து ஆறு. ஆறிலிருந்து நான்கு. லோஜினி காலையில் பார்த்துச் சொல்வாள், புஸ்பராணி அதை மதிலுக்கு மேலால் ஒழுங்கை முழுவதற்கும் அறிவிப்பாள். ஒழுங்கையில் இருந்தவர்கள் தங்கள் தங்கள் போன்களிலும் தேடத் தொடங்கினார்கள். மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "அக்கா, இண்டைக்கு எத்தினையாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் மீனின் பெயரையே சொன்னார்.

ஒருநாள் சின்னராசா குளிக்கப் போனவர் துவாயோடு ஓடி வந்தார். "முதலாவது! என்ர போனில முதலாவது!"

லோஜினி வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். "சித்தப்பா, நீங்கள் இதை ஒரு நாளைக்கு எத்தினை தரம் திறந்து பாக்கிறியள்?"

சின்னராசா துவாயை இறுக்கினார்.

"நீங்கள் ஓயாமல் திறக்கிறபடியால் உங்கட போன் உங்களுக்கு முதலாவதாக் காட்டுது. மற்ற ஆக்களுக்கு நாங்கள் இப்ப ரெண்டாம் பக்கம்."

"ரெண்டாம் பக்கமோ!" என்று குசினிக்குள்ளிருந்து ஒரு கூவல். அன்றைக்குப் பாயாசம். உரமூட்டைக்காரரின் பெயரைச் சின்னராசா ஒரு வாரம் எடுக்கவில்லை.

பாயாசத்தின் நடுவில் லோஜினிக்குத்தான் சரியாக இறங்கவில்லை. புஸ்பா இல்லத்தின் பக்கத்தில் இப்போது அறைகள் மேலே இரண்டு வரியில் முடிந்துவிட்டன. அதற்குக் கீழே சீமெந்து, கணித வகுப்பு, டயர், மணமகள் அலங்காரம், மூக்குக் கண்ணாடி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அறிவித்தல். யார் போட்டாலும் பதிலுக்குப் போடுவது சின்னம்மாவின் சட்டம். "கொஞ்சத்தையாவது எடுப்பம்" என்று லோஜினி சொன்னபோது, "வந்தவையை வாசலில நிப்பாட்டுறதோ?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். வெளிநாட்டிலிருந்து முதன்முதலாக வந்த விசாரணை மின்னஞ்சல், தங்குமிடத்தோடு சீமெந்தும் தருவீர்களா, அது இலங்கையின் வழக்கமா என்று பணிவாகக் கேட்டது. கொழும்பிலிருந்து வந்த அடுத்ததில் ஒரு சவப்பெட்டி என்ன விலை என்று கேட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு காலை லோஜினி தேடினாள். இரண்டாம் பக்கத்தில் இல்லை. எட்டில் இல்லை. மூடிய லொட்ஜ்கூட அங்கே இருந்தது, புஸ்பா இல்லம் எங்கும் இல்லை.

"எங்க போனது?" என்று புஸ்பராணி திரைக்குப் பின்பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"ஒதுக்கிப்போட்டாங்கள், சின்னம்மா. நாங்கள் அவையைப் போட, அவை எங்களைப் போட... இவ்வளவு ஆக்கள் மாறி மாறிப் போட்டால், இது பேசி வைச்சுச் செய்த ஏமாத்தெண்டு அதுக்கு விளங்கும்."

"ஏமாத்தோ? பதிலுக்குப் பதில் செய்யிறது மரியாதையெல்லோ!"

"கூகிளுக்கு அந்த மரியாதை தெரியாது."

புஸ்பராணி கொஞ்சம் யோசித்தாள். "வளர்ப்புச் சரியில்ல" என்றாள்.

அப்போதுதான் லோஜினிக்கு அந்தப் பிழை எங்கே என்று புரிந்தது. கலியாணத்தில் வந்த தலைகளைப் பார்த்துப் பந்தல் மகிழும், யார் எதற்காக வந்தார்கள் என்று கேட்காது. தேடுபொறி அதைத்தான் கேட்கிறது. சீமெந்துக்காரன் ஏன் ஒரு மெத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்? கேட்டு வாங்கிய சொல் அங்கே செல்லாது. கேட்காமல் சொன்ன சொல்தான் செல்லும். இது ஒரு இயந்திரத்தின் சட்டமா, இல்லை மனிதர்களுக்கும் இதுதானா? சந்தியில் தன்னைப் பற்றி யாராவது கேட்காமல் ஒரு நல்ல சொல் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்காமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆவணி பிறந்துவிட்டது. வழி ஒன்றுதான் இருந்தது. போட்டவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும்.

"சொன்ன கலியாணத்துக்கு வராதேங்கோ எண்டு எப்பிடிப் போய்ச் சொல்லுறது?" என்று புஸ்பராணி இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்தாள். மறுபடி பட்டுச் சேலை, தட்டு, பலகாரம். வெறுங்கையோடு போய் அழைப்பை மீட்பதற்கு அவளால் முடியாது.

ஹஸ்மி தட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். "என்னக்கா, கலியாணம் குழம்பிட்டா?"

"குழம்பிட்டு தம்பி."

"மாப்பிள்ளைக்கு வேற எங்கயும் தொடர்பா?"

"எனக்குத்தான் கன இடத்தில தொடர்பெண்டு சொல்லுறான்."

ஹஸ்மி சிரித்த சிரிப்பில் தராசில் கிடந்த ஆணிகள் கீழே கொட்டின. அவன் அங்கேயே போனை எடுத்து வரியை அழித்தான். வினோதன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"எங்கட பிள்ளையளுக்குக் கீழ இருக்கிறது உங்களுக்குக் குறைச்சலாப் போச்சோ, அன்ரி?"

"ஐயோ இல்ல ராசா, நான் இன்னும் சித்தியடையேல்ல" என்றாள் புஸ்பராணி. அவனும் சிரித்துவிட்டான். அமரர்களிடமிருந்து தன் படத்தை மீட்டபோது அவளுக்கே பெரிய ஆறுதலாக இருந்தது. கனடாவுக்கு எடுத்து, "மச்சாள், நான் திரும்பி வந்திட்டன்" என்றாள்.

எல்லாம் எடுத்தாயிற்று. தன் பக்கத்தில் சீமெந்து, டயர் என்று நீண்டிருந்த வாலையும் வெட்டியாயிற்று. பக்கம் சுத்தமாக இருந்தது, ஆட்கள் வரவில்லை. ஆவணி மெல்ல மெல்லத் தேய்ந்தது. சின்னராசா ஒருமுறையும் நினைவூட்டவில்லை. அவர் நினைவூட்டாமல் இருந்ததே புஸ்பராணிக்கு நினைவூட்டியது. ஒருநாள் அவளாகவே சீனன்குடாவுக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த திங்களிலிருந்து வருகிறேன் என்றாள். உணவுச்சாலையின் வெள்ளை மேலங்கியைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். காற்றில் அது கையை ஆட்டியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை உரம் வந்துவிட்டது. லொறி ஒழுங்கைக்குள் நுழைய முடியாமல் சந்தியில் நின்றது. சின்னராசா மூட்டைகளைத் தோளில் சுமந்து வந்து, வெள்ளையடித்த அறைக்குள் ஒன்று, இரண்டு என்று இறக்கினார். லோஜினி மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மூட்டை வாசலைத் தாண்டும்போது ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. பின்னால் பெரிய முதுகுப்பைகளோடு உயரமான ஒரு வெள்ளைக்காரனும் சிவந்த மூக்கோடு ஒரு பெண்ணும்.

"நண்டு அக்காட வீடு இதானே?" என்றார் சாரதி.

யாருக்கும் விளங்கவில்லை. அந்தப் பெண் இறங்கி, போனை நீட்டினாள். புஸ்பராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இது என்ர சட்டி!"

அது ரிப்காவின் பக்கம். அதே படம், அதே கீறல். ஆனால் படத்துக்குக் கீழே இப்போது ஆங்கிலத்தில் சில வரிகள். லோஜினி மெத்தையைக் கீழே போட்டுவிட்டு வாசித்துத் தமிழில் சொன்னாள்:

"இந்த நண்டை நான் சமைக்கவில்லை. நான் நண்டு சாப்பிடுவதும் இல்லை. இதைச் சமைத்தவர் அன்புவழிபுரம் புஸ்பராணி. அவருடைய வீட்டிலும் தங்கலாம். அங்கிருந்து கடல் தெரியாது. சாப்பிட்டு முடிந்த பிறகு அது உங்கள் நினைவுக்கு வராது."

கீழே புஸ்பா இல்லத்துக்கு ஓர் இணைப்பு.

புஸ்பராணி மூக்கை உறிஞ்சினாள். பிறகு திடீரென்று அவளுக்குள் ஏதோ வெடித்தது. "நண்டு! வீட்டில நண்டு இல்ல! இஞ்சேருங்கோ, மூட்டையை விட்டிட்டுப் போய்க் களப்பு நண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, உயிரோட, கால் கட்டினது!"

சின்னராசா வாசற்படியில் மூட்டையோடு நின்றார். "இதை உள்ளுக்கு வைக்கிறதோ, வெளியில வைக்கிறதோ?"

"வெளியில!" என்ற குரல் குசினியிலிருந்து வந்தது. தேங்காய் உடையும் சத்தமும் கூடவே வந்தது.

வெள்ளைக்காரன், இது தங்கள் சமையலுக்கு வந்த அரிசி என்று நினைத்தானோ என்னவோ, ஓடிப்போய் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேருமாக அதை வெளியே கொண்டு வந்தார்கள். பிறகு உள்ளே போய் மற்ற இரண்டையும் தூக்கி வந்தார்கள். ஒரு பாசையும் பொதுவில் இல்லாத இருவரும் மூச்சு வாங்கியபடி ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கொடியில் கிடந்த வெள்ளை மேலங்கியை எடுத்து அந்தப் பெண் வியர்வை துடைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர்கள் சாப்பிட்டபோது புஸ்பராணி பக்கத்தில் கதிரை போட்டு, நண்டின் கால் ஒவ்வொன்றும் உடைபடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "உப்பு?" என்று கேட்டாள். வெள்ளைக்காரன் கட்டைவிரலை உயர்த்தினான். "கூடவோ?" என்று மறுபடி கேட்டாள். யாராவது ஏசினாலும் அன்று சந்தோசப்பட்டிருப்பாள்.

அதன் பிறகு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் தங்கள் பயணக் குறிப்புகளில் கேட்காமலே எழுதினார்கள். மூன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம், ஒருநாள் முதலாம் பக்கத்தின் அடி. சின்னராசாவின் போனில் மட்டுமல்ல, மீன்காரரின் போனிலும். உரமூட்டைகள் கூட்டாளியின் வீட்டு விறாந்தைக்கே போயின. சீனன்குடாவுக்கு, திங்கட்கிழமை வர ஏலாது, எந்தத் திங்கட்கிழமையும் வர ஏலாது என்று சொல்லியாயிற்று.

லோஜினிக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அவள் அலஸ்தோட்டத்துக்குப் போனாள். ரிப்கா முற்றத்தில் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தாள்.

"மாமி, ஏன் அப்பிடி எழுதினீங்கள்?"

"அது புள்ள, ஹஸ்மிட கடைக்கு ஆணி வாங்கப் போனேன். அவன் ஒங்கட சின்னம்மாட கதயச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான். ஊரெல்லாம் தட்டோட போனாவாம், திரும்பப் போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வந்தாவாம். எனக்குச் சிரிச்சு வயிறு நோகிது. பொறகு யோசிச்சேன், ஊரெல்லாம் போனவ என்ட ஊட்டுக்கு மட்டும் வரல்லையே. கோவமும் வந்துட்டு. அந்தக் கோவத்துலதான் எழுதிப் போட்டேன்."

"கோவத்திலயோ?"

"ஓம். கேட்டா எழுதியிருக்கமாட்டேன். கேக்கல்லன்டுதான் எழுதினேன்." ரிப்கா விரிப்பின் ஒரு நுனியை லோஜினியின் கையில் கொடுத்தாள். இருவருமாக மடித்தார்கள். "வாறவன் எல்லாம் நண்டு எங்க, நண்டு எங்கன்டு என்ட உயிர எடுக்கான். ரெண்டு வருசம் புள்ள! நான் வாயிலயே வைக்காத நண்டுக்கு ரெண்டு வருசம் கோவம்!"

"உங்களுக்கு என்ன செய்ய வேணும், மாமி?"

"எனக்கென்ன. அவட பக்கத்துலயும் ஒரு வரி போடச் சொல்லுங்க. கடல் பாக்கணும்டா ரிப்காட ஊட்டுக்குப் போங்கன்டு. அது பொய்யில்லயே."

லோஜினி வந்து சொன்னாள். புஸ்பராணி உடனே, "போடத்தானே வேணும்!" என்றாள். அன்றைக்கு ஆறு பேருக்குச் சமையல். அடுத்த வாரம் கேட்டபோது, "மாறி மாறிப் போட்டால் கூகிள் கோவிக்குமெண்டு நீதானே சொன்னனி?" என்றாள். ஒரு வரிக்கு ஒன்றும் செய்யாது, அதுவும் உண்மையான வரிக்கு, என்று லோஜினி சொன்னாள். "அப்ப வடிவா யோசிச்சு எழுத வேணும். ரிப்காக்கு எழுதுறதெண்டால் ஏனோதானோவெண்டு எழுத ஏலாது."

ஒருநாள் மடிக்கணினியை முன்னால் வைத்து எழுத இருந்தார்கள்.

"எழுது. கடல் பார்க்க விரும்புபவர்கள்..." என்று புஸ்பராணி தொடங்கினாள். கொஞ்சம் நிறுத்தினாள். "அவளின்ர வீட்டு முற்றத்தில இருந்து பாத்தால் கடல் நல்ல வடிவுதான், என்ன?"

"ஓம், நல்ல வடிவு."

"போனவை அங்கயே தங்கிட்டால்?"

"தங்கட்டுமே, சின்னம்மா. அவ தன்ர ஆக்களை உங்களிட்ட விட்டவதானே."

"ஓம், விட்டவள்தான்" என்றாள் புஸ்பராணி. அந்த நேரம் பார்த்து அடுப்பில் ஏதோ பொங்கியது. அல்லது பொங்கியது என்று அவள் சொன்னாள்.

இப்போது விருந்தினர் யாராவது கடல் எங்கே என்று கேட்டால், புஸ்பராணி வாசல்வரை வந்து அலஸ்தோட்டத்துப் பக்கம் கையை நீட்டி, "ரிப்கா, ரிப்கா, வெரி குட்" என்கிறாள். வாயால் சொல்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இரண்டு பருவம் போய்விட்டது. ரிப்கா மறுபடி கேட்கவும் இல்லை, தன் பக்கத்திலிருந்து அந்த வரிகளை எடுக்கவும் இல்லை. லோஜினி மாதத்தில் ஒருமுறை பக்கத்தைப் புதுப்பிக்கும்போது, "சின்னம்மா, அந்த வரி?" என்று கேட்கிறாள்.

"இந்தக் கிழமை கட்டாயம்" என்கிறாள் புஸ்பராணி.

ரிப்காவுக்குச் சேர வேண்டிய அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை.